எந்த மார்த்தின்?

வில்யாரேன்
24 செப்டம்பர் 1978

என் கண்ணு மார்த்தினுக்கு,

இதையும் ரமோனாவின் வாயிலிருந்துதான் நான் கேட்க வேண்டுமா, சொல்லு. உனக்கு மூக்குச் சிந்திவிட்டு, முட்டிக் காயத்துக்கு மருந்து தடவி வளர்த்தவள் நான். நீ பெயரை மாற்றிக்கொள்ளப் போகிற சேதி மட்டும் மதுக்கடைக்காரிக்கு முதலில் போகிறது. ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள்.

"ஏன் பசிலீசா, உங்க வீட்டுப் பையன் இனிமே அர்பெய்சா இல்லையாமே? கார்தேயாமே?"

"யாரு சொன்னா?"

"வித்தோரியாவுல இருந்து பந்தாட்டக் கம்பெனிக்காரர் போன் பண்ணாரு, போஸ்டர் ஒட்ட எடம் கேட்டு. நான்தானே எடுத்தேன்."

ஊருக்கு ஒரே போன், அதுவும் அவள் கடைச் சுவரில். கடவுள் யாரிடம் எதைக் கொடுப்பது என்று சில சமயம் யோசிப்பதில்லை.

கார்தே உன் அம்மாவின் குடும்பப் பெயர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இனேஸ் மாதிரி ஒரு தம்பி பெண்டாட்டி யாருக்கும் கிடைக்காது. அவள் ஆத்துமத்துக்குத் தினம் ஒரு செபம் சொல்லாமல் நான் படுப்பதில்லை. ஆனால் நம் பக்கத்தில் எல்லாருக்கும் அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால். பின்னால் வருவதைத் தூக்கி முன்னால் வைப்பேன் என்றால், வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுகிற கதைதான்.

நீ எந்த நேரம் பார்த்து இதைச் செய்கிறாய் என்பதையும் யோசி. நீ வெறுங்கையால் பந்தடித்துப் பழகின பந்துச்சுவருக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது. நவம்பர் பதினொன்று, புனித மார்த்தின் திருநாளன்று திறப்பு விழா. அன்றைக்குத்தான் உன் முதல் பெரிய ஆட்டம், நம் ஊரிலேயே. ஊர் மன்றத்தில் கூடிப் பேசி, இந்த ஊரில் பிறந்து பெயரெடுத்த மார்த்தின் அர்பெய்சாக்கள் எல்லாருக்குமாக ஒரு கல் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் ஓட்டிப் போய், மாதாவுக்கு வெள்ளி விளக்கு அனுப்பின மாலுமி. போரில் காது போனாலும் குதிரையை விட்டு இறங்காத கேப்டன். மலைப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டின என் ஒன்றுவிட்ட சித்தப்பா. மூன்று தடவை விழுந்தும் அவர்தான் முதலில் வந்தார். அப்புறம் என் அப்பா, பந்தாட்டத்தில் முதலாம் அர்பெய்சா. அப்புறம் இரண்டாம் அர்பெய்சா. கல்தச்சன் ஃபக்குந்தோ தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

"ஒரே பேரை அஞ்சு தடவை வெட்டச் சொல்றீங்களே. ஒரு தடவை வெட்டிட்டு பக்கத்துல அஞ்சு கோடு போட்டா ஆகாதா?"

"உன் கல்லறையில அப்படிப் போட்டுக்கோ" என்றேன்.

அந்தக் கல்லுக்குக் கீழே நின்றுகொண்டு நீ மூன்றாம் அர்பெய்சா என்று ஆடுவாய் என்றுதான் நான் மனதில் படம் வரைந்து வைத்திருந்தேன். நீயோ கார்தே என்கிறாய்.

உன் அப்பனை நினைத்துத்தான் இதைச் செய்கிறாய், எனக்குத் தெரியாதா? பதினைந்து வருஷமாக இந்த வீட்டில் அவன் பெயரை எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். ஆனால் அவன் பெயர் என் அப்பா பெயர், உன் பெயர். எப்படி எடுக்காமல் இருப்பது? உன்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் அவனையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். எஸ்தேயாவில் இறுதி ஆட்டம். பதினெட்டுக்குப் பதினெட்டு. இன்னும் நாலு எடுத்தால் வெற்றித் தொப்பி. வெள்ளை உடுப்பின் மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசல் வழியே போனான். பஸ், அப்புறம் கப்பல். பயம் என்றார்கள், பெண் என்றார்கள், குடி என்றார்கள். அவனை மன்னித்துவிட்டாயா என்று தோன் அன்செல்மோ ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் கேட்கிறார். "முயற்சி பண்றேன் சாமி" என்கிறேன். இனேஸ் இருமி இருமிச் செத்ததைப் பார்த்தவள் நான்.

ஆனாலும் ஒருத்தன் கறை வைத்தான் என்பதற்காக ஐந்து பேர் பெயரையும் ஆற்றில் போடுவதா? யோசித்து எழுது. சாப்பிடு. கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

மாதா உன் உள்ளங்கைகளைக் காக்கட்டும்.

உன் அத்தை,
பசிலீசா


வித்தோரியா
1 அக்டோபர் 1978

அன்புள்ள அத்தைக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். ரமோனாவுக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எழுதினேன், கிழித்துப் போட்டேன்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. படுத்தால் கை விண்விண் என்று தெறிக்கிறது. ஆட்டமில்லாத நாளில் ரயிலடி வரை நடந்து போய்த் திரும்பி வருகிறேன், எதற்கு என்று தெரியாமல். வீட்டுக்கார அம்மா பெத்ரா, "உக்காரு தம்பி, தரை தேயுது" என்கிறார்.

எந்த ஊருக்கு ஆடப் போனாலும், முன் வரிசையில் ஒரு கிழவர் இருக்கிறார். ஊர்தான் மாறுகிறது, கிழவர் மாறுவதில்லை. தொலோசாவில் ஒருத்தர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "நீ ரெண்டாம் அர்பெய்சா பையன்தானே? கோட்டைப் பக்கத்துலயே வச்சுக்க தம்பி. பதினெட்டு வந்தா தேவைப்படும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தை, இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பதினெட்டு வந்தால் என் கண் தானாக வாசலைத் தேடுகிறது. போன மாதம் இரண்டு ஆட்டம் பதினெட்டில் இருந்து தோற்றேன். பந்து வரும்போது நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கால் நிஜமாகவே அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதுவும் நம் ஊரில், உங்கள் கண் முன்னால்.

மாலுமியோடும் கேப்டனோடும் எனக்குச் சண்டை இல்லை. எண் போட்டால்தான் வினை. மூன்று என்று போட்டாலே, எல்லாரும் இரண்டு எங்கே என்று கேட்பார்கள். கார்தே என்று போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் வெறும் ஒரு ஆள், வெறும் இரண்டு கை.

கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறேன்.

உங்கள்
மார்த்தின்


வில்யாரேன்
8 அக்டோபர் 1978

என் ராசா மார்த்தினுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மிளகாய் சுடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் காகிதத்தில் சிவப்பாக இருப்பது அதுதான், ரத்தம் என்று பயந்துவிடாதே. இந்த வருஷம் மிளகாய் சதைப்பிடிப்பாக வந்திருக்கிறது. சுட்டுத் தோலுரித்து ஜாடியில் அடைத்து, பஸ்ஸில் உனக்கும் ஒரு பெட்டி ஏற்றிவிடுகிறேன். பெத்ராவுக்கும் ஒன்று கொடு. எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே.

கை தெறிக்கிறது என்கிறாயே, அங்கே உன் கையை யார் மிதித்துவிடுகிறார்கள்? யாரையாவது பூட்ஸோடு ஏற விட்டுவிடாதே. உள்ளங்கையைத் தரையில் விரித்து, வெறுங்காலோடு, குதிகாலை வைக்காமல் மெல்ல ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் கட்டின ரத்தம் கலையும். என் அப்பாவுக்கு நான்தான் மிதிப்பேன். உனக்கும் நான்தான். என் கனம் இப்போது கூடிவிட்டது என்று ரமோனா சிரிக்கிறாள். கனம் பெரிதில்லை, கால் பழகியிருக்க வேண்டும்.

சரி, பெயர் விஷயம். தோன் அன்செல்மோவிடம் போய் உன்னைத் திட்டச் சொன்னேன். அவர் உனக்கு வக்காலத்து வாங்குகிறார்.

"ஞானஸ்நானத்துல நான் வச்ச பேரு மார்த்தின். அதை அவன் தொடலையே. குடும்பப் பேரு சர்க்காருக்குத்தானே பசிலீசா, மோட்ச வாசல்ல அதைக் கேக்க மாட்டாங்க."

"சாமி, நீங்க வெளியூரு. உங்களுக்கு எங்க வீட்டுப் பேரோட ருசி தெரியாது."

"ருசியா? உன் தம்பி, அப்பன், சித்தப்பன் எல்லாரும் ஒரே பேருல வந்து நின்னா, கடைசித் தீர்ப்பு நாள்ல தேவதூதருக்குத்தான் தலைவலி."

சாமியாராக இருந்ததால் தப்பித்தார்.

நீ எழுதின பயம் எனக்குப் புரிகிறது. புரியாமல் இல்லை. ஆனால் மார்த்தின், பயத்துக்குப் பெயர் மாற்றி வைத்தால் பயம் போய்விடுமா? மாட்டுத்தொழுவத்தில் ஓநாய் வந்தால் கதவை அடைக்க வேண்டும், தொழுவத்துக்கு வேறு பெயர் வைத்து என்ன பயன்? கிழவர்கள் கேலி பேசினால் பேசட்டும். அதே பெயரில், அதே எண்ணுக்கு அடுத்த எண்ணில் நின்று, இருபத்திரண்டு வரை ஆடிக் காட்டு. அவன் விட்டுப்போன இடத்தை நீ நிரப்பினால்தான் இந்த வீட்டில் மறுபடி வெளிச்சம் வரும்.

நான் பிடிவாதக்காரி என்று உனக்குத் தெரியும், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீ கார்தே என்று ஆடினால் நான் ஆட்டம் பார்க்க வர மாட்டேன். கோயிலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். பந்துச்சுவரும் கோயிலும் ஒரே சுவர்தானே, பந்து மோதுகிற சத்தம் கேட்கும். எனக்கு அது போதும்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அத்தை


வித்தோரியா
15 அக்டோபர் 1978

அத்தைக்கு,

மிளகாய் வந்தது. ஒரு ஜாடி உடைந்திருந்தது, மற்றவை நன்றாக இருக்கின்றன. பெத்ரா அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

போஸ்டர் அச்சாகிவிட்டது. கார்தே என்றுதான்.

ஆட்டத்துக்கு வர மாட்டீர்கள் என்றால் வர வேண்டாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டில் எனக்குப் படுக்கை போட்டு வைப்பீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

மார்த்தின்


வில்யாரேன்
26 அக்டோபர் 1978

என் உயிரே,

உன் கடிதத்துக்குப் பதில் போடக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். படுக்கை போட்டு வைப்பீர்களா என்று கேட்டிருந்தாய். கேட்கிற கேள்வியா அது? அதைப் படித்து எனக்கு வந்த கோபத்தில்தான் பேனாவைத் தொடவில்லை. நேற்று நடந்ததற்குப் பிறகு அந்த வீம்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பெத்ரா உன்னிடம் சொல்லியிருப்பாள், உன் அத்தை போன் பண்ணினாள், நீ வந்து எடுப்பதற்குள் வைத்துவிட்டாள் என்று. ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். சாவு மணி அடித்தது. ஆம்பளைக்கு அடிக்கிற மணி. ஊரில் யாரும் படுக்கையில் கிடப்பதாகத் தெரியாது. ஜன்னலைத் திறந்து, "யாருக்கு?" என்று கத்தினேன். தெருவில் நாலு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ரமோனா இடுப்பில் கட்டின துணியை வாயில் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"பசிலீசா, எஸ்தேயா தபாலாபீஸ்ல இருந்து போன். தந்தி வந்திருக்காம். மார்த்தின் அர்பெய்சா இறந்துட்டாருன்னு."

"எந்த மார்த்தின்?"

"அதை அவங்க சொல்லல. நானும் கேக்கல. வேற எந்த மார்த்தின் இருக்கான், சொல்லு?"

அவள் கோயில் மணியடிக்கிற சிரீலோவிடம் சொல்ல, அவன் கோபுரத்தில் ஏறிவிட்டான். அவர்கள் மேல் தப்பில்லை. பதினைந்து வருஷமாக இந்த ஊருக்கு உயிரோடு இருக்கிற மார்த்தின் அர்பெய்சா நீ ஒருத்தன்தான்.

நான் அழவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனேன். தலைக்குத் துணி போடவில்லை, கையில் மிளகாய்ச் சாறு. மாதாவுக்கு முன்னால் மண்டி போடவும் இல்லை. நின்றுகொண்டே பேசினேன், சந்தையில் சண்டை போடுகிற மாதிரி. என்ன பேசினேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

தோன் அன்செல்மோ பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "போன் பண்ணிக் கேளு. முதல்ல கேளு" என்றார். ரமோனா கடையில் ஊரே கூடியிருந்தது. எண்ணைச் சுழற்றினது யார் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. பெத்ரா எடுத்தாள்.

"மார்த்தினா? இருக்கானே. பருப்பு சாப்பிட்டுக்கிட்டிருக்கான், ரெண்டாவது தட்டு. கூப்பிடட்டா?"

நான் வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன், அதனால்தான். "பருப்பு சாப்பிடறான்!" என்று மட்டும் சொன்னேன். கடை முழுக்க ஒரே கூத்து. ரமோனா எல்லாருக்கும் மது ஊற்றினாள், காசு கேட்காமல். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும். யாரோ ஓடிப்போய் சிரீலோவைப் பாதி மணியில் நிறுத்தினார்கள். "ரெண்டாவது தட்டாம்!" என்று ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணு. கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்போது கல்தச்சன் ஃபக்குந்தோ தொப்பியைக் கழற்றினான்.

"அப்ப செத்தது யாரு?"

எல்லாரும் மறுபடி என்னைத்தான் பார்த்தார்கள்.

தந்திக் காகிதம் இன்றைக்குக் காலையில் கைக்கு வந்தது. அர்ஜென்டினாவில் தந்தில் என்ற ஊரில் இருந்து. நெஞ்சு நோய் என்று இருக்கிறது. இந்த மாதம் முதல் வாரமே போய்விட்டானாம். எங்கள் விலாசத்தைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆயிற்றாம். அவனுக்கு அங்கே யாரும் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் விலாசம் கேட்டு எதற்கு அலைய வேண்டும்? அவ்வளவுதான் மார்த்தின், உன் அப்பனைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் மாதாவிடம் பேசினதைச் சொல்கிறேன். "இவன் வேண்டாம். இன்னொருத்தன் இருக்கானே, அந்த மார்த்தினை எடுத்துக்கோ" என்றேன். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். என் தம்பி. இடுப்பில் வைத்து நான் சுமந்த பிள்ளை. கடையில் எல்லாரும் சிரித்தபோது, கேட்டது கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். "பைத்தியக்காரி, நீ கேக்கும்போது அவன் செத்து மூணு வாரம் ஆச்சு. உன் வேண்டுதலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று தோன் அன்செல்மோ சொல்கிறார்.

"எனக்கு அது தெரியாதே சாமி. நான் கேட்கும்போது என் மனசுல அவன் உயிரோடதானே இருந்தான்?"



மணி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அவனுக்காக ஒழுங்காக, முழுசாக அடிக்கச் சொன்னேன். சிரீலோ முடியாது என்கிறான். "மார்த்தின் அர்பெய்சாவுக்கு அடிச்சாச்சு. ஒரு சாவுக்கு ஒரு மணிதான். இன்னொரு தடவை அடிச்சா, அந்த மணி ஊருக்குள்ள இன்னொருத்தரைத் தேடும்" என்கிறான். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அடித்த மணியை அப்படியே விடலாமா? எனக்குத் தூக்கம் இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

போஸ்டரில் என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். கார்தே என்று போடு, கத்தரிக்காய் என்று போடு. படுக்கை போட்டாகிவிட்டது. வந்து சேர்.

உன் அத்தை


வித்தோரியா
31 அக்டோபர் 1978

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலடியில் உட்கார்ந்து படித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. முதுகும் கோட்டும்தான் தெரிகிறது. அதுவும் நான் பார்த்ததா, மற்றவர்கள் சொல்லி வந்ததா என்று தெரியவில்லை. நீங்கள் மாதாவிடம் கேட்டதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. எனக்காக ஒருத்தர் அப்படிச் சண்டை போட்டார் என்பது மட்டும் மனதில் இருக்கிறது.

கம்பெனி மேலாளர் உர்பீனாவுக்கு எப்படியோ சேதி தெரிந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார். துக்கம் விசாரித்தார், உட்காரச் சொன்னார். அப்புறம், "போஸ்டரை மாத்தி அடிச்சிரலாமா? அப்பன் செத்த கையோட மூன்றாம் அர்பெய்சா கறுப்புப் பட்டை கட்டிட்டு இறங்குறான்னா, தம்பி, நிக்க எடம் இருக்காது" என்றார். நான் எழுந்து நின்றேன். அடித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கறுப்புப் பட்டை கட்டுவேன், பெயர் கார்தே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது வீம்புக்குச் சொல்லவில்லை, அத்தை. செத்தவரை வைத்து டிக்கெட் விற்க எனக்கு மனசு வரவில்லை.

மணியை மறுபடி அடிக்க வேண்டாம். சிரீலோ மாமாவிடம் சண்டை போடாதீர்கள். எனக்கு அடித்த மணியை அவருக்கே கொடுத்துவிடுங்கள். என்னிடம் இருந்து அவருக்குப் போனதாக இருக்கட்டும்.

ஒன்று நீங்கள் எழுதினது சரிதான். பெயரை மாற்றினால் பதினெட்டு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நேற்றுப் பயிற்சி ஆட்டத்தில்கூட வாசலைப் பார்த்தேன். பயிற்சிக்குப் பார்வையாளரே கிடையாது.

சுவரின் அந்தப் பக்கம் உட்கார வேண்டாம் அத்தை. இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள்.

உங்கள்
மார்த்தின்


வில்யாரேன்
13 நவம்பர் 1978

என் கண்ணு மார்த்தினுக்கு,

கையை ஐஸ் வாளியில் வைத்த மேனிக்கே உன்னை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போட்டு வைத்த படுக்கை அப்படியே கிடக்கிறது. கட்டிப் பிடிக்கக்கூட விடவில்லை. டாக்டர் பார்க்க வேண்டுமாம். டாக்டர் என்ன பார்ப்பார்? மிதித்துவிட ஆள் வேண்டும். இரண்டு விரல் அசைகிறதா, மூன்றா? உடனே எழுது. எழுத முடியாவிட்டால் பெத்ராவை எழுதச் சொல்.

நீ ஆடிக்கொண்டிருந்தாய், மேலே பலகை வரிசையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

தோன் அன்செல்மோ கல்லுக்கு மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். ஃபக்குந்தோ ஐந்து பெயரையும் வெட்டியிருக்கிறான், கடைசிப் பெயருக்கு நேரே இந்த வருஷத்தையும் வெட்டியிருக்கிறான், நான் சொல்லாமலே. எனக்குப் பக்கத்தில் ரமோனா, அந்தப் பக்கம் சிரீலோ. பலகை சில்லென்று இருந்தது. உன் கோட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நீதானே வைத்திருக்கக் கொடுத்தாய். திட்டாதே.

பதினேழு வரை நான் கண்ணை மூடிக்கொண்டு செபமாலைதான் உருட்டினேன். ரமோனா, "திறந்து பாரு, நல்லாத்தான் ஆடறான்" என்று விலாவில் இடித்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டுக்குப் பதினெட்டு என்று கூவினபோது திறந்தேன். கூரை போட்ட இடமாதலால் ஒரு இருமல்கூட எதிரொலித்தது. அப்போதுதான் அந்த எஸ்தேயாக்காரன், சிவப்புக் கழுத்துத்துணிக்காரன், எழுந்து கத்தினான்:

"கார்தே! கோட்டு எங்கடா வச்சிருக்கே?"

பெயர் மாற்றி என்ன, கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வரிசையே சிரித்தது. நீ வாசலைப் பார்த்தாய். இல்லை என்று சொல்லாதே, நான் பார்த்தேன். உன் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, விரல் மடங்கவில்லை. உன் கால் அரை அடி திரும்பினது.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. ஐம்பத்தாறு வயசில், செபமாலை கையில், தலையில் கோயில் துணியோடு.

"கோட்டு என்கிட்டதான்டா இருக்கு! மேல உக்காந்திருக்கேன்! தைரியம் இருந்தா வந்து உருவு!"

ஊரே வெடித்துச் சிரித்தது. சிரீலோ பலகையிலிருந்து சரிந்துவிட்டான். ரமோனா, "ஐயோ பசிலீசா, மாதா சபையில இருந்து உன்னை நீக்கிருவாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயும் மேலே பார்த்தாய், பல் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ வாசல் பக்கம் திரும்பவே இல்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையாலேயே ஆடினாய். அந்தக் கை அப்படி அடிக்கும் என்று எனக்கே தெரியாது. இருபது எடுத்தாய். உன் எதிராளி இருபத்திரண்டு எடுத்தான். தோற்றாய், சரி. கடைசிப் பந்து விழுந்த பிறகும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நடுவிலேயே நின்றாய், போக மனசில்லாத மாதிரி. அந்த எஸ்தேயாக்காரன்தான் முதலில் எழுந்து கை தட்டினான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று காலைப் பூசையை உன் அப்பனுக்காக வைத்தேன். தோன் அன்செல்மோ மார்த்தின் அர்பெய்சா என்று பெயரை வாசித்தபோது, எழுந்து ஓடி வந்துவிடவில்லை, உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு நானும் செத்து, உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவன் என்னைப் பார்த்தால் என்ன கேட்பான் என்று தெரியவில்லை. நானும் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

நீ கார்தேயாகவே ஆடு. இனிமேல் நான் அதைப் பற்றிப் பேச மாட்டேன். இங்கே எல்லாருக்கும் நீ மார்த்தின்தான். கோட்டை பஸ்ஸில் அனுப்புகிறேன், கொஞ்சம் கசங்கியிருக்கிறது. பையில் சீமைமாதுளை அல்வா இருக்கிறது. பெத்ராவுக்குக் கொடு, இந்தத் தடவை கேட்கிற அளவு கொடு.

மாதா உன் இரண்டு கையையும் காக்கட்டும்.

உன் அத்தை,
பசிலீசா

உறையை ஒட்டப் போனேன், ஒட்டவில்லை. நீ இடது கையால் அடித்ததை நினைத்துக்கொண்டே இருந்தேனா, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எஸ்தேயா ஆட்டத்தன்று காலையில், கிளம்புவதற்கு முன்னால், அவன் இதே அடுப்படியில் நின்றுகொண்டு நீ சூப் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ கரண்டியை இடது கையில் பிடித்திருந்தாய். நான் பிடுங்கி வலது கையில் வைக்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் அடிப்பார்களே என்று. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தான். பிடித்த வலது கையில் பிடியே இல்லை, ஈரத் துணி மாதிரி இருந்தது. அந்தக் கையோடுதான் அன்றைக்குப் பதினெட்டு வரை ஆடியிருக்கிறான். "மாத்தாதேக்கா, விடு. ஒரு கை போனா இன்னொரு கை இருக்கட்டும்" என்றான்.